அம்மை குத்தியது முதல் அனுமதிக் கடிதம் வரை

நம் முன்னோர் மலாயா மண்ணுக்குக் கப்பலேறி வந்த வரலாற்றை எழுதினோர் பலர். கங்காணியின் ஆசை வார்த்தையையும், லயத்து வாழ்க்கையையும், வெட்டுக்காட்டில் சிந்திய வியர்வையையும் அவர்கள் உருக்கமாக எழுதியுள்ளனர். ஆயினும் அம்முன்னோரின் மேற்கையில் இருந்த ஒரு சிறு தழும்பைப் பற்றி எழுதினோர் மிக அரியர். நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் அமைந்திருந்த முகாம்களில் கப்பலுக்குக் காத்திருந்த தொழிலாளர்களுக்கு மருத்துவச் சோதனை நடந்தது, அம்மை குத்தப்பட்டது. பினாங்குக்கு வந்து சேர்ந்தோர் ஜெரெஜாக் தீவின் தொற்றுத் தடுப்பு முகாமில் தங்க வைக்கப்பட்டனர். அதன் பின்னரே அவர்கள் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். குத்துவது எது, எதற்காக என்று எடுத்துரைத்து, சம்மதமா என்று கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. கையை நீட்டு என்றனர், நீட்டினர். அவ்வளவே.

அவ்வழி வந்தவர்களின் கொள்ளுப்பேத்தி ஒருத்தி இன்று இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் சேர்கிறாள். அவளுக்கு வயது பதின்மூன்று. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை அவளுக்குப் போடுவதற்குப் பெற்றோரின் இசைவைக் கேட்டு ஒரு தாள் வீட்டுக்கு வருகிறது. அத்தாளின் அடியில் கையொப்பத்துக்கு ஓர் இடம் விடப்பட்டிருக்கிறது. மலேசிய அரசாங்கம் 2010ஆம் ஆண்டில் பள்ளிகளின் வழியே இலவசமாகத் தொடங்கிய திட்டம் இது. அன்றைய தழும்புக்கும் இன்றைய கையொப்பத்துக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அம்மாணவி பன்னிரண்டு வயது வரை நம்மிடம் பயின்றவள். ஊசியோ மறு ஆண்டில், வேறொரு பள்ளியில் வருகிறது. உண்மைதான். ஆனால் அக்கடிதம் மலாய்மொழியில் வருகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்ட தாய்மார் பலருக்கு அதன் சொற்கள் புரிந்தாலும் பொருள் புரிவதில்லை. இடைநிலைப்பள்ளியின் அலுவலகத்துக்குச் சென்று கேட்க அவர்கள் கூசுகின்றனர். கடிதத்தை மடித்துக்கொண்டு அவர்கள் தேடி வருவது பழைய தமிழ்ப்பள்ளி வாத்தியாரைத்தான். பேராக் மாநிலத்தின் 134 தமிழ்ப்பள்ளிகளில் எதில் பணியாற்றியவரும் இதனை அறிவர்.

எல்லீசன் புனைந்த கதை

இங்கிலாந்தின் எட்வர்டு ஜென்னர் 1796ஆம் ஆண்டில், பசுவுக்கு வரும் அம்மையின் பாலை மனிதர் கையில் வைத்தால் பெரியம்மை அணுகாது என்று காட்டினார். ஆறே ஆண்டுகளில் அப்பால் பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத காலம் அது. ஒரு குழந்தையின் கையில் கொப்புளம் எழும்பியதும் அதிலிருந்து அடுத்த குழந்தைக்கு என்று, கை மாற்றிக் கை மாற்றியே அதனைக் கொண்டு வந்தனர். 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் இந்திய மண்ணில் முதன்முதலாக அதனைப் பெற்றவள் ஆன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுப் பெண் குழந்தை. அங்கிருந்து அது சென்னை மாநிலத்துக்கும் பரவியது.

தமிழகத்தில் அதற்கு எளிதில் வரவேற்புக் கிடைக்கவில்லை. பெரியம்மை நம்மவர்க்கு வெறும் நோய் அன்று, அம்மையின் வருகை. உடலில் எழும்பியவை முத்துக்கள். வேப்பிலை செருகிய வீட்டில் அம்மையைக் குளிர்வித்து வழியனுப்ப வேண்டுமேயன்றி, ஊசி கொண்டு எதிர்ப்பது முறையன்று என்பது மக்கள் எண்ணம். இதனை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் உளர். வாசலில் வேப்பிலை கண்டால் அயலார் உள்ளே நுழையார் என்ற வழக்கம், தொற்றைத் தடுக்கும் தனிமைப்படுத்தலாகவும் பயன்பட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மை குத்துவதில் வேறொரு தடையும் இருந்தது. எந்தச் சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த பால் எந்தச் சாதிக் குழந்தையின் கையில் ஏறுகிறது என்ற அச்சம் அது. நம் சமுதாயத்தின் புண் அங்கேயும் வெளிப்பட்டது.

இந்நிலையில்தான் நமக்கு நன்கு அறிமுகமான ஒருவர் வருகிறார். எல்லீசன் என்று தமிழர் அன்போடு அழைத்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ். திருக்குறளில் தோய்ந்தவர், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே 1816இல் எழுதியவர், சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டுவித்தவர். தமிழாசிரியர்கள் அவரைப் பற்றிப் பாடம் நடத்தியிருப்பர். அவர் அம்மை குத்துதலுக்காக ஒரு கதை புனைந்தார் என்பதைப் பலர் அறியார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக அமைந்த கதை அது. பசு தரும் பால், தயிர், நெய், கோமியம், சாணம் ஆகிய ஐந்தோடு ஆறாவதாக இந்த அம்மைப்பாலும் தெய்வம் அருளிய கொடையே என்று அக்கதை மக்களுக்குச் சொல்லிற்று. இன்னொரு செய்தியும் உண்டு. 1819ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை ஆங்கில ஏடொன்றில், 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. தன்வந்திரியின் பழைய நூலொன்றிலேயே அம்மை குத்தும் முறை கூறப்பட்டுள்ளது என்று அக்கடிதம் சாதித்தது. அதனை உண்மையென்று நம்பி ஐரோப்பியர் பலர் நெடுங்காலம் எடுத்தாண்டனர். அப்படியொரு சான்று பழைய மருத்துவ நூல்களில் இல்லை என்பது பின்னாளைய ஆராய்ச்சியின் முடிவு.

எல்லீசனின் நெஞ்சில் நஞ்சில்லை. குழந்தைகள் மடிவதைத் தடுக்க வேண்டும் என்பதே அவர் கவலை. மக்களின் மொழியிலேயே, அவர்கள் மதிக்கும் கடவுளரின் வாயாலேயே பேச வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பிறர் உணராத அது பெரிய செய்தி. ஆயினும் அவர் பெற்றோரிடம் உண்மையைச் சொல்லி இசைவு பெற முனையவில்லை. இசைவு வருமாறு ஒரு கதையைச் செய்தார். நன்மைக்காகச் சொன்ன பொய் வெளுத்துப்போனால், அடுத்து வரும் மெய்யையும் எவரும் நம்பார். வகுப்பறையில் நாள்தோறும் நிற்பவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பெரட்டுக் களத்தில்

கதை சொல்லும் தேவையும் இன்றி, ஆணையே போதும் என்றிருந்த இடம் தோட்டம். கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டில் நட்ட ரப்பர் மரங்களோடு பேராக்கின் ரப்பர் வரலாறு தொடங்குகிறது. அதனையொட்டிய காலத்திலேயே கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். பின்னர்ச் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பத்து காஜா எனத் தோட்டங்கள் விரிந்தன. சாவும் உடன் விரிந்தது. 1911ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலத் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்க்கு 60 பேருக்கும் மேல் மாண்டனர். மலேரியாவே முதற்கொலைஞன், வயிற்றுக்கடுப்பும் பிறவும் அதற்குத் துணை.

பத்து காஜாவுக்கு அருகே கெல்லிஸ் மாளிகையைக் காணச் செல்வோர் பலர், அதன் அண்மையிலுள்ள மாரியம்மன் ஆலயத்தை எட்டிப் பார்க்காமலே திரும்புகின்றனர். மாளிகை கட்ட வந்த தொழிலாளர்கள் கொள்ளை நோயில் வரிசையாக மடிந்தனர் என்றும், அம்மனுக்குக் கோயில் எழுப்பினால்தான் நோய் தணியும் என்று எஞ்சியோர் வேண்டினர் என்றும், துரை வில்லியம் கெல்லி ஸ்மித் அதற்கு இசைந்தார் என்றும் வட்டாரத்தார் கூறுவர். கோயிலின் மேலே தெய்வச் சிலைகளுக்கு நடுவே தொப்பியணிந்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்று இன்றும் நிற்கிறது. நோய் வந்தபோது தொழிலாளி கேட்டது கோயில். அதைக் கேட்கும் வாயாவது அவனுக்கு இருந்தது. மருந்தைப் பற்றிக் கேட்கும் வாய் இருக்கவில்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்றது. அட்டப் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக எழுந்த அப்பள்ளிகள் எழுத்தறிவித்ததோடு இன்னொரு பணிக்கும் ஏற்ற இடமாயின. ஊசி போட வரும் டிரசருக்குப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் கிடைத்தனர். பெரியவர்க்குப் பெரட்டுக் களத்தில், சிறியவர்க்குப் பள்ளியில். டிரசர் வருகிறார் என்ற செய்தி லயத்துக்கு எட்டியதும் பிள்ளையை ஆயாக் கொட்டகைக்குப் பின்னே ஒளித்து வைத்த தாய்மாரைப் பற்றிய கதைகள் நம் வட்டாரத்தில் ஏராளம். கிராணியார் பெயர்ப் பட்டியலோடு தேடி வருவார், பிள்ளை அழுதுகொண்டே வரும், கதை முடிந்தது.

இம்முறையைப் பழித்து முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரியம்மை ஒழிந்தது. 1977ஆம் ஆண்டில் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளியோடு அது முடிவுற்றது. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அதனை அறிவித்தது. ஆணையிட்டுக் குத்திய ஊசியும் அவ்வெற்றியில் பங்குடையது. ஆனால் ஆணையால் வந்த ஊசிக்கு ஒரு குறை உண்டு. ஆணையிட்டவர் போனதும் அதன் காரணமும் போய்விடுகிறது. ஏன் குத்தினார்கள் என்று பாட்டி அறியாதவள்; ஆதலால் தாய்க்குச் சொல்லவில்லை; தாய் மகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

விடுதலைக்குப் பின் வந்த தடுப்பூசிகளை விரைந்து கடந்து செல்லலாம். 1961இல் காசநோய்க்கான பி.சி.ஜி. வந்தது. 1958இல் சிங்கப்பூரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிள்ளைகளுக்கு வாய்வழி மருந்து கொடுத்தனர். மலேசியாவில் அச்சொட்டு மருந்து 1972இல் நாட்டுத் திட்டமாயிற்று. என் போன்றோர் ஆறாம் ஆண்டில் பயின்றபோது பி.சி.ஜி. ஊசியைக் 'கம்பளிப்பூச்சி ஊசி' என்று சொல்லி ஒருவரையொருவர் அச்சுறுத்தியது நினைவுக்கு வருகிறது. ஊசிமுனையில் கம்பளிப்பூச்சியின் மயிர் இருப்பதாக எல்லா இனத்துப் பிள்ளைகளும் நம்பினர். பெரியோர் விளக்காத இடத்தைப் பிள்ளைகள் கற்பனையால் நிரப்பிக்கொள்வர்.

இவற்றுள் ஒன்று மட்டும் நம் பொருளுக்கு நேரடி உறவுடையது. 1980களின் பிற்பகுதியில் பன்னிரண்டு வயது மாணவிகளுக்கு ரூபெல்லா தடுப்பூசி பள்ளிகளிலேயே போடப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கு இல்லை. பெண் பிள்ளைகளுக்கு மட்டும். கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் பழுதுபடலாம் என்பதே காரணம். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், ஆறாம் ஆண்டு மாணவிகள் வரிசையில் நின்று அவ்வூசியைப் பெற்றதைக் கண்டிருக்கிறேன். ஒரு சிறுமியின் கையில் இன்று போடும் ஊசி, அவள் தாயாகப்போகும் காலத்தைக் காக்கிறது என்ற கருத்து எச்.பி.வி.யோடு திடீரென வந்ததன்று. அது நம் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் முன்பே நடந்த ஒன்று.

கேளாமல் எடுத்த உயிரணு

எச்.பி.வி. தடுப்பூசியின் பிறப்பிலும் இசைவு என்னும் கேள்வி ஒளிந்திருக்கிறது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனையில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார். வயது 31, ஐந்து பிள்ளைகளின் தாய். புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர் என்பது நம் காதில் சற்று ஆழமாக விழ வேண்டும். அவர் உடலிலிருந்து எடுத்த புற்று உயிரணுக்கள் ஆய்வுக்கூடத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. அவரையோ குடும்பத்தாரையோ கேட்டு எடுத்தவை அல்ல அவை. இளம்பிள்ளை வாதத் தடுப்பூசியின் சோதனைக்கு அவை பயன்பட்டன. பின்னர் ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன், பாப்பிலோமா வைரஸ் என்னும் கிருமியின் 16ஆம் வகையை 1983இலும் 18ஆம் வகையை 1984இலும் கருப்பை வாய்ப் புற்றில் கண்டறிந்தபோது, அந்த 18ஆம் வகை அவ்வம்மையாரின் உயிரணுக்களிலும் இருப்பது தெரிந்தது. ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

அக்கிருமியில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. கருப்பை வாய்ப் புற்றில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு 16, 18 ஆகிய இரண்டுமே காரணம். ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும் ஜியான் சோவும் 1991ஆம் ஆண்டில் கிருமியின் மேலோட்டை மட்டும் தனியே உருவாக்கிக் காட்டினர். உள்ளீடற்ற தேங்காய் ஓடு போன்றது அது; முளைக்காது, நோயும் தராது. உடலோ அதனைப் பகைவன் என்றெண்ணி எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்கிறது. அவ்வழியில் பிறந்த தடுப்பூசி 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டில் ஆஸ்திரேலியப் பள்ளிகளில் தொடங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. பணக்கார நாடுகளுக்குக் கிடைத்து நெடுங்காலம் கழித்தே பிறர்க்குக் கிட்டும் மருந்துகளின் வரலாற்றில் இவ்விரைவு அரியது. நம் நாட்டில் முதலில் மூன்று ஊசிகள் போடப்பட்டன; 2015 முதல் இரண்டாயின. ஒன்றே போதுமானதாகலாம் என்று 2022ஆம் ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் கூறியது.

தலைமையாசிரியர் இட்ட கையொப்பம்

இனிக் கூறப்போவதைத் தலைமையாசிரியர்கள் சற்று நின்று படிக்க வேண்டுகிறேன். 2009ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஏறத்தாழ 24,000 சிறுமிகளுக்கு எச்.பி.வி. ஊசி ஒரு செயல்முறைத் திட்டமாகப் போடப்பட்டது. 'பாத்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் அதில் ஈடுபட்டன. இன்று தெலுங்கானாவில் உள்ள கம்மத்தில் ஊசி பெற்றோருள் பலர் விடுதிகளில் தங்கிப் பயின்ற பழங்குடிச் சிறுமிகள். திட்டத்தின் காலத்தில் இரு மாநிலங்களிலுமாக ஏழு சிறுமிகள் இறந்தனர். நாடு கொதித்தது. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அச்சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு கண்டது. பாம்புக் கடி, நீரில் மூழ்குதல் போன்றவை காரணங்களாய் இருந்தன.

மருந்து குற்றமற்றது என்றால் பின் எது குற்றம்? அனுமதிப் படிவங்களைப் புரட்டியபோது அது தெரிந்தது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை, ஆந்திரத்தின் 9,543 படிவங்களில் 1,948இல் கைநாட்டே இருந்தது என்றும் 2,763இல் விடுதிக் காப்பாளர் கையொப்பமிட்டிருந்தார் என்றும் கூறுகிறது. தலைமையாசிரியர்களும் பெற்றோர்க்குப் பதிலாகக் கையொப்பமிட்டிருந்தனர். பெற்றோர் தொலைவில் காட்டோரத்தில். படிவம் நிரப்ப வேண்டிய நாளோ நாளை. அத்தலைமையாசிரியரின் நிலை எத்தகையது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. மேலிடத்திலிருந்து கணக்குக் கேட்கும் நாளில் நம்முள் எவர்க்கும் கை துறுதுறுக்கும். ஆயினும் அக்கை எழுதிய எழுத்தின் விலையைப் பாருங்கள். அந்த ஐயம் இந்தியாவில் இத்தடுப்பூசியின் பரவலைப் பல்லாண்டு பின்தள்ளியது. நாகப்பட்டின முகாமில் கையை நீட்டு என்றவரும் கம்மத்தில் பேனாவை எடுத்தவரும் நன்மையே நினைத்தனர். பெற்றோரை ஓர் ஆளாக இருவரும் மதிக்கவில்லை.

இதற்கு மறுதலையான சான்றும் அந்நாட்டிலேயே உண்டு. 2018ஆம் ஆண்டில் சிக்கிம் மாநிலம் ஊசிக்கு முன்னே ஆசிரியர்களையும் பெற்றோரையும் அமர வைத்து விளக்கியது. பின்னரே பள்ளிகளில் ஊசி வந்தது. 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட சிறுமிகள் அதனைப் பெற்றனர்.

விளக்கம் தவறினால் வளம் மிக்க நாடும் தடுமாறும். ஜப்பானில் ஊசிக்குப்பின் சில சிறுமிகளுக்கு வலியும் நடுக்கமும் வந்ததாகச் செய்திகள் பரவின. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசாங்கம் தன் பரிந்துரையை நிறுத்தி வைத்தது. எழுபது விழுக்காட்டளவில் இருந்த பயன்பாடு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. பரிந்துரை மீண்டும் வந்தது 2022ஆம் ஆண்டு ஏப்ரலில். இடையில் சென்ற ஒன்பது ஆண்டுகளில் அவ்வயதைக் கடந்த பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அயர்லாந்திலும் அத்தகைய சரிவு வந்தது. ஆனால் அங்கே லாரா பிரென்னன் என்னும் இளம்பெண், தானே கருப்பை வாய்ப் புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நிலையில், பெற்றோரை நோக்கிப் பேசினார். 2019ஆம் ஆண்டில் 26 வயதில் இறக்கும் வரை பேசினார். சரிந்த எண்ணிக்கை மீண்டும் ஏறியது.

நம் வீட்டுக் கேள்விகள்

பேராக்கின் தோட்டங்கள் பல இன்று தோட்டங்களாக இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. லயத்தை விட்டவர்கள் புந்தோங், சிலிபின், செம்மோர் என்று ஈப்போவைச் சுற்றிக் குடியேறினர். தோட்ட டிரசரும் கிராணியாரும் போயினர். ஊசி போட வா என்று அழைக்க எவரும் இல்லை. கடிதம் மட்டும் வருகிறது. ஆதலால் கேள்விகளும் முதன்முறையாக வாய்விட்டு வருகின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் ஆறாம் ஆண்டு மாணவிகளின் பெற்றோரோடு இதனைப் பேசத் தொடங்கிய பின் நான் கேட்டவை சில.

ஒரு கூட்டத்தில், பேத்திக்குப் பெற்றோராய் வந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்தார். "ஏன் வாத்தியாரையா, இந்த ஊசி போட்டா புள்ளைக்கு நாளைக்குக் கொழந்தை தங்காதுன்னு சொல்றாங்களே, மெய்யா?" என்றார். சபையில் சலசலப்பு எழுந்தது. பலர் மனத்தில் இருந்த கேள்வி அது. "இல்லீங்கம்மா" என்றேன். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு 2017ஆம் ஆண்டில், அதுவரை உலகெங்கும் வழங்கப்பட்ட 27 கோடிக்கும் மேற்பட்ட ஊசிகளின் அனுபவத்தை ஆராய்ந்து, மலட்டுத்தன்மைக்கும் இதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்று கூறியதை எடுத்துரைத்தேன். கை வலிக்கும்; சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும்; ஆகவே ஊசி போட்டபின் கால் மணி நேரம் உட்கார வைப்பர் என்றும் சொன்னேன். உண்மையில், கருப்பை வாய்ப் புற்று வந்தால்தான் கருப்பையையே இழக்க நேரிடும். இதைக் கேட்டதும் மூதாட்டி, "அதை மொதல்ல சொல்லக்கூடாதா?" என்று கூறி அமர்ந்தார்.

இதனினும் கடினமான கேள்வி வாய்விட்டு வருவதில்லை. இக்கிருமி கணவன் மனைவி உறவின் வழியே தொற்றுவது என்பதைச் சொன்னவுடன் தாய்மார் தலையைக் குனிந்துகொள்கின்றனர். "என் மகள் அப்படிப்பட்ட பிள்ளையா?" என்ற வினா அவர்கள் கண்ணில் தெரிகிறது. இவ்விடத்தில்தான் தமிழாசிரியரின் சொல்வன்மை வேண்டப்படுகிறது. வாழ்நாளில் ஒருமுறையேனும் இக்கிருமி தொற்றாதவர் குறைவு. ஒருவனுக்கு ஒருத்தியாய் வாழ்ந்த பெண்ணுக்கும் அது வரும். பெரும்பாலோர் உடலில் அது தானே மறைந்துவிடும். சிலர் உடலில் தங்கி, 15, 20 ஆண்டுகள் கழித்துப் புற்றாகும். ஊசி ஒழுக்கத்துக்கு வழங்கும் சான்றிதழும் அன்று, அதன்மேல் போடும் ஐயமும் அன்று. கிருமியைச் சந்திக்கும் முன்பே போட்டால்தான் முழுப் பயன். 9 முதல் 14 வயதுக்குள் உடல் நன்கு எதிர்ப்பாற்றல் கொள்ளும். பதின்மூன்று வயதைத் தேர்ந்ததற்குக் காரணம் இவ்வளவே.

மகள் பருவமெய்தினால் மண்டபம் எடுத்து, தாய்மாமன் சீர்வரிசையோடு மஞ்சள் நீராட்டு நடத்தும் இனம் நம் இனம். பெண்மையை ஊரறியக் கொண்டாடும் நாம், அதன் நோயைப் பற்றி மட்டும் காதோடு காதாகக்கூடப் பேச மறுக்கிறோம். அதே வயதில்தான் அந்தக் கடிதமும் வருகிறது. சடங்குக்குக் கூடிய உறவினர் நடுவே, தெரிந்த தாதியர் ஒருவர் பத்து நிமிடம் பேசினால் என்ன என்று நான் எண்ணுவதுண்டு. சிலர் முகம் சுளிக்கலாம்.

ஊசி பலிக்கிறதா என்று கேட்கும் தந்தையருக்குச் சொல்ல இப்போது நம்மிடம் தெளிவான விடை உண்டு. 2010இல் அது இல்லை. ஏனெனில் ஊசி பெற்றவர் அப்போது சிறுமியர். சுவீடனில் 17 வயதுக்கு முன் ஊசி பெற்றவரிடையே இப்புற்று 88 விழுக்காடு குறைந்தது என்று 2020இல் ஆய்வு வெளிவந்தது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் பெற்றவரிடையே 87 விழுக்காடு குறைந்ததாக 2021இல் கண்டனர். ஸ்காட்லாந்தில் அவ்வயதில் பெற்றவருள் ஒருவர்க்கும் இந்நோய் வரவில்லை என்று 2024இல் அறிவித்தனர். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. 2016ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொண்டை அடைப்பான் நோய் சிறாரைப் பலிகொண்டது. 1992க்குப் பின் தலைகாட்டாத இளம்பிள்ளை வாதம் 2019 டிசம்பரில் சபாவில் திரும்பி வந்தது.

எங்கள் பள்ளியில் செய்வது சிறிது. கடிதத்தின் பொருளை எளிய தமிழில் அரைப் பக்கம் எழுதி, சுகாதார நிலையத் தாதியிடம் காட்டிச் சரிபார்த்து, ஆறாம் ஆண்டுப் பெற்றோர்க்குக் கொடுக்கிறோம். நன்மையோடு கை வலியையும் மயக்கத்தையும் அதில் எழுதுகிறோம். கையொப்பமிடு என்று எழுதுவதில்லை. கேள்வியிருந்தால் எங்கே கேட்பது என்று எழுதுகிறோம். ஒரு தந்தை, மனைவியைக் கலந்துதான் சொல்வேன் என்றார். கலந்து வரட்டும். ஊசி வரும் நாளில் மகள் காய்ச்சலாய் இருந்தாலோ, பள்ளிக்கு வராவிட்டாலோ, சுகாதார நிலையத்தில் கேட்டுப் பின்னர்ப் பெற வழி உண்டா என்று விசாரித்துச் சொல்கிறோம்.

சென்ற கூட்டத்தின் முடிவில் ஒரு தாய், "பிள்ளைகளுக்கு ஊசி இருக்கு, ஐயா. எங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. தோட்டத்தில் பிறந்து தொழிற்சாலையில் வேலை செய்பவர். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்குப் பரிசோதனை உண்டு என்பதையும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018இல் தொடங்கிய திட்டத்தில் பெண்ணே தன் கையால் மாதிரி எடுத்துக் கொடுக்கும் எளிய முறை வந்துவிட்டதையும் தாதி விளக்கினார். மகளுக்கு ஊசி போட்டாலும் அவளும் வளர்ந்தபின் இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அத்தாய் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எங்கள் அரைப் பக்கத் தாளின் பின்புறத்தில், சுகாதார நிலையம் எந்தக் கிழமையில் அதற்கு ஒதுக்கியிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பக்கத்தில் அமர்ந்திருந்தவரும் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார்.